ஒரே வாரத்துல ரெண்டு கிலோ தசை போச்சா? எடை மெஷின் சொல்ற கணக்கும் சொல்லாத கணக்கும்

இன்னைக்கு எபிசோட்ல விருந்தினர் யாரும் கிடையாது, நான் மட்டும்தான். டயட் பத்திப் பேசினதுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியை வேற வேற மாதிரி அனுப்பியிருந்தீங்க. "ஒரு வாரமா ஒழுங்கா சாப்பிடறேன், எடை குறைஞ்சிருக்கு, ஆனா மெஷின்ல கொழுப்பு சதவீதம் ஏறியிருக்கே, ஏன்?" "நேத்துக்கும் இன்னைக்கும் நடுவுல ஒன்றரை கிலோ தசை போயிடுச்சுன்னு ஆப் சொல்லுது. நான் என்ன தப்பு பண்றேன்?"

இதையெல்லாம் படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வரல. ஏன்னா இதே கேள்வியால மூணு வாரம் திண்டாடி, கடைசியில திருவான்மியூர் பறக்கும் ரயில் ஸ்டேஷன் படிக்கட்டுல தலை சுத்தி உட்கார்ந்தவ நான். அந்தக் கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

எனக்கு 31 வயசு. போன வருஷம் ஆபீஸ்ல வருடாந்திர ஹெல்த் செக்கப் நடந்தது. ரிப்போர்ட்ல மூணு மாச சராசரி சுகர் 6.1. அந்த டெஸ்ட்ல 5.7-க்குக் கீழ இருந்தா நார்மல், 6.5 தொட்டா சர்க்கரை நோய். நான் நடுவுல, வாசப்படியில நிக்கிறேன். அப்பாவுக்கு 42 வயசுல சுகர் வந்தது. எங்க வீட்டு ஃபிரிட்ஜ் கதவுல முட்டைக்குப் பக்கத்துல எப்பவும் இன்சுலின் இருக்கும். அதைப் பாத்தே வளந்தவங்களுக்கு 6.1 எவ்வளவு பெரிய நம்பர்னு தெரியும்.

டாக்டர் ரொம்பச் சுருக்கமா சொன்னாங்க: "எழுபத்தி ரெண்டு கிலோ இருக்கம்மா. ஒரு அஞ்சு கிலோ குறைச்சாலே போதும். தினம் அரை மணி நேரம் நட. ஆறு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்துட்டு வா." அவ்வளவுதான். மெஷின் வாங்குன்னு அவங்க சொல்லல. அது நானா பண்ண வேலை.

ஆன்லைன்ல ஒரு ஸ்மார்ட் எடை மெஷின் ஆர்டர் பண்ணேன். கண்ணாடித் தட்டு, மேல நாலு உலோகப் பட்டை, போன்ல ஒரு ஆப். வெறுங்காலோட ஏறி நின்னா எடை, கொழுப்பு சதவீதம், தசை, தண்ணி, எலும்பு, உடம்போட "வயசு"ன்னு பன்னெண்டு நம்பர் காட்டும். முதல் நாள் 72 கிலோ, கொழுப்பு 36 சதவீதம்.

அன்னையில இருந்து காபியில சர்க்கரை கிடையாது, சோறு பாதியாச்சு, ஆபீஸ் சாயங்கால பஜ்ஜி கட். எட்டாவது நாள் காலையில ஏறி நின்னேன். 70 கிலோ! கத்திட்டேன். அம்மா அடுப்பை அணைச்சிட்டு ஓடி வந்தாங்க. அப்புறம் ஆப்பைத் திறந்தேன். கொழுப்பு 37.1 சதவீதம், பக்கத்துல சிவப்பு அம்புக்குறி. கொழுப்பு இல்லாத எடை 46 கிலோவுல இருந்து 44-ஆ இறங்கியிருக்கு. அதாவது குறைஞ்ச ரெண்டு கிலோவும் தசைதானாம். கொழுப்பு ஒரு துளி கூட அசையலையாம்.

ஒரு வாரம் வாயைக் கட்டினதுக்கு இதுதான் பலனான்னு அழுகையே வந்தது. அப்புறம் நான் பண்ணதெல்லாம் தப்பு. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தி, மோர் மட்டும் குடிச்சேன். காலையில, ஆபீஸ் போறதுக்கு முன்னாடி, வந்ததும், தூங்கறப்போன்னு ஒரு நாளைக்கு நாலு தடவை மெஷின்ல ஏறினேன். நம்பர் இறங்கினா அன்னைக்கு நல்ல நாள், ஏறினா அடுத்த வேளைச் சாப்பாடு கட். மூணாவது வாரம் ஒரு சாயங்காலம் ஸ்டேஷன் படி ஏறறப்போ கண்ணு இருட்டிடுச்சு. பூ விக்கிற ஒரு அக்கா பிடிச்சு உட்கார வெச்சு, அவங்க பையில இருந்த பிஸ்கெட்டைக் கொடுத்தாங்க. அந்த பிஸ்கெட்டைக் கையில வெச்சுக்கிட்டு, "இதுல எத்தனை கலோரி"ன்னு நான் யோசிச்சேன் பாருங்க, அப்பதான் எனக்கே பயம் வந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன். அம்மா மெஷினைப் பாத்தாங்க. "ஏண்டி, அது மெஷினா, ஜோசியக்காரனா? அது சொல்றதுக்கெல்லாம் பட்டினி கிடப்பியா?"ன்னு கேட்டாங்க. கோவத்துல டயட்டே வேண்டாம்னு நாலு நாள் எல்லாத்தையும் விட்டுட்டேன். நடக்கவும் போகல. இந்த நாலு நாளைத்தான் நீங்க முக்கியமா கவனிக்கணும். நம்மள்ல பல பேர் டயட்டை விடறது பசியாலன்னு நினைக்கிறோம். என் விஷயத்துல அது ஒரு சிவப்பு அம்புக்குறியால நடந்தது.

அந்த வாரக் கடைசியில அத்தை பொண்ணு வீட்டுக்கு வந்தாங்க. அவங்க பயோமெடிக்கல் எஞ்சினியர். நான் புலம்பினதைக் கேட்டுட்டு அக்கா சொன்ன முதல் வாக்கியம்: "அது கொழுப்பை அளக்கவே இல்லடி."

எனக்குப் புரியல. அப்ப எதைத்தான் அளக்குது?

ரெண்டே ரெண்டு விஷயத்தைத்தான். ஒண்ணு, எடை. அதை ஓரளவு நல்லாவே அளக்கும். இன்னொண்ணு, மின்தடை. ஒரு பாதத்துல இருக்கிற பட்டை வழியா, நமக்குத் தெரியாத அளவுக்குச் சின்ன கரண்டை, பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸ் மாறுமின்சாரத்தை, அனுப்பும். அது ஒரு கால் வழியா ஏறி, இடுப்புகிட்ட திரும்பி, இன்னொரு கால் வழியா இறங்கும். வர்ற வழியில எவ்வளவு தடை இருந்ததுன்னு மெஷின் பாக்கும். உடம்புல கரண்ட் சுலபமா போறது உப்பு கலந்த தண்ணி இருக்கிற இடத்துல. தசையில தண்ணி அதிகம், கொழுப்புல ரொம்பக் கம்மி. அதனால தடை கம்மியா இருந்தா "இவங்களுக்குத் தசை அதிகம்", தடை கூடினா "கொழுப்பு அதிகம்"னு ஒரு முடிவுக்கு வரும்.

அதுக்கப்புறம் நடக்கறதெல்லாம் கணக்கு. நீங்க ஆப்ல போட்ட உயரம், வயசு, ஆணா பெண்ணாங்கிறது, இப்ப கிடைச்ச எடை, தடை எல்லாத்தையும் ஒரு சூத்திரத்துல போட்டு, "இப்படி இருக்கிறவங்களுக்குப் பொதுவா கொழுப்பு இவ்வளவு இருக்கும்"னு ஒரு விடை சொல்லும். கொழுப்பு இல்லாத உடம்புல சுமார் 73 சதவீதம் தண்ணிங்கிற அனுமானத்தை வெச்சுத்தான் தண்ணியில இருந்து தசைக்கும் கொழுப்புக்கும் கணக்கு போகுது. நேத்து நீங்க எவ்வளவு உப்பு சாப்பிட்டீங்க, எவ்வளவு வேர்த்ததுங்கிறது அதுக்குத் தெரியாது. அம்மா சொன்னது பாதி உண்மை. கைரேகை பாக்கிற மாதிரி, இது கால் பாத்துச் சொல்லுது. ஆனா ஜோசியம் கிடையாது, கணிப்பு. ஆயிரம் பேருக்குச் சராசரியா எடுத்தா ஓரளவு சரியா வரலாம். ஒரு ஆளோட நேத்தைக்கும் இன்னைக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தை இதை வெச்சுச் சொல்ல முடியாது.

"சரிக்கா, ஆனா முதல் வாரம் ரெண்டு கிலோ நிஜமாவே குறைஞ்சதே?"ன்னு கேட்டேன். நிஜம்தான். அது எங்க போச்சுன்னு அக்கா பேப்பர்ல போட்டுக் காட்டினாங்க.

நாம சாப்பிடற சோறு, இட்லியில இருந்து வர்ற சர்க்கரையை உடம்பு கிளைகோஜனா மாத்தி ஈரல்லயும் தசையிலயும் சேமிச்சு வைக்கும். ஈரல்ல சுமார் 100 கிராம், தசையில சுமார் 400 கிராம். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் கூடவே மூணு கிராம் அளவுக்குத் தண்ணியைப் பிடிச்சு வெச்சிருக்கும். சோத்தைக் குறைச்சதும் உடம்பு முதல்ல இந்தக் கிடங்கைத்தான் திறக்கும். 300 கிராம் கிளைகோஜன் போனாலே அதோட 900 கிராம் தண்ணியும் போகும். ஆக 1.2 கிலோ. உப்பு குறைஞ்சதால போற தண்ணி தனி. அதனாலதான் எந்த டயட் ஆரம்பிச்சாலும் முதல் வாரம் எடை சரசரன்னு இறங்கும்.

இந்தத் தண்ணி எல்லாமே கொழுப்பு இல்லாத எடையில சேர்ந்தது. அதனால மெஷின் "தசை போச்சு"ன்னு எழுதுது. தசை நார் எங்கயும் போகல. அதுக்குள்ள இருந்த தண்ணிதான் போயிருக்கு.

இப்ப இன்னும் வேடிக்கையான கணக்கு. 72 கிலோவுல 36 சதவீதம்னா கொழுப்பு 25.9 கிலோ. அந்த வாரம் அரை கிலோ கொழுப்பும் ஒன்றரை கிலோ தண்ணியும் குறைஞ்சதுன்னு வெச்சுக்கலாம். இப்ப கொழுப்பு 25.4 கிலோ, எடை 70. வகுத்துப் பாருங்க, 36.3 சதவீதம். கொழுப்பு அரை கிலோ குறைஞ்சும் சதவீதம் ஏறுது! துல்லியமா அளக்கிற மெஷினா இருந்தாலும் இதே ஏற்றத்தைத்தான் காட்டும். சாம்பாரைச் சுண்ட விட்டா பருப்பு கூடுமா? தண்ணி குறைஞ்சதால கெட்டியாத் தெரியும், அவ்வளவுதான். அதுக்கு மேல, தண்ணி குறைஞ்சதால கால்ல தடையும் கூடி, என் மெஷின் 37.1-ன்னு சொல்லிடுச்சு.

நான் பட்டினி கிடந்தது இந்த ஒரு சதவீதத்துக்காகத்தான்.

அடுத்த ஞாயித்துக்கிழமை அக்கா சொன்னபடி ஒரு சோதனை பண்ணேன். நீங்களும் வீட்டுல பண்ணிப் பாக்கலாம். காலையில பாத்ரூம் போயிட்டு வந்து ஒரு தடவை ஏறினேன். இறங்கி ஒரு லிட்டர் தண்ணி குடிச்சிட்டு உடனே திரும்ப ஏறினேன். எடை ஒரு கிலோ கூடுச்சு, நியாயம். ஆனா கொழுப்பும் கூடினதா காட்டுச்சு! காரணம் சுலபம். தண்ணி இன்னும் வயித்துலதான் இருக்கு. கரண்ட் போற வழி ரெண்டு காலும்தான். தடை மாறல, எடை மட்டும் கூடியிருக்கு, அப்ப கொழுப்பாத்தான் இருக்கணும்னு அது நினைச்சுக்கிச்சு. பச்சைத் தண்ணியைக் கொழுப்புன்னு சொல்ற மெஷினை நம்பித்தான் நான் ராத்திரிச் சாப்பாட்டை விட்டேன்.

சாயங்காலம், நாள் முழுக்க நின்னு வேலை பாத்துட்டு ஏறினா கொழுப்பு குறைவா காட்டுச்சு. நிக்கிறப்போ திரவம் காலுக்கு இறங்கும், தடை குறையும். குளிச்சிட்டு ஈரக் காலோட ஏறினா ஒரு நம்பர், குதிகால் காஞ்சு வெடிச்சிருந்தா இன்னொரு நம்பர். ஆப்ல என் உயரத்தை அஞ்சு சென்டிமீட்டர் கூட்டிப் போட்டேன். ஒரு வேளை கூட நடக்காம கொழுப்பு இறங்குச்சு. "விளையாட்டு வீரர்"னு ஒரு ஆப்ஷன் இருந்தது. அதைத் தட்டினேன், இன்னும் நல்லா இறங்குச்சு. இவ்வளவு சுலபமா இளைக்க முடியும்னு தெரிஞ்சிருந்தா டாக்டர்கிட்ட போயிருக்கவே மாட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சு மதுரையில சொந்தக்காரங்க கல்யாணம். ரெண்டு நாள் இலை சாப்பாடு. அப்பளம், ஊறுகாய், பாயசம் எதையும் விடல. திரும்பி வந்து ஏறினா எடை 1.8 கிலோ கூடியிருக்கு. முன்ன மாதிரி இருந்திருந்தா அன்னைக்கே உலகம் முடிஞ்சிருக்கும். இந்தத் தடவை கணக்குப் போட்டேன். ஒரு கிலோ கொழுப்பு சேர, உடம்புக்குத் தேவையானதுக்கு மேல சுமார் 7,700 கலோரி உள்ள போகணும். 1.8 கிலோவுக்கு கிட்டத்தட்ட 14,000. அந்த ரெண்டு நாள்ல வழக்கமா சாப்பிடறதும் போக, அதுக்கு மேல 14,000! நான் நல்லா சாப்பிடறவதான், ஆனா அவ்வளவு பெரிய ஆள் இல்ல. உப்பு தண்ணியைப் பிடிச்சிருக்கு, சோறு கிளைகோஜன் கிடங்கை நிரப்பியிருக்கு, சாப்பிட்டதுல கொஞ்சம் இன்னும் குடல்லயே இருக்கு. அதுல கொழுப்பும் கொஞ்சம் இருக்கலாம், ஆனா அது கிராம் கணக்குலதான் இருக்கும். தண்ணி சேர்ந்ததால அன்னைக்கு ஆப், என் கொழுப்பு சதவீதம் குறைஞ்சு தசை கூடியிருக்குன்னு பச்சை அம்புக்குறி போட்டுப் பாராட்டுச்சு. பட்டினிக்குத் திட்டு, பாயசத்துக்குப் பாராட்டு. நாலு நாள்ல எடை தானா பழைய இடத்துக்கு வந்துடுச்சு.

பெண்களுக்கு ஒண்ணு தனியா சொல்லணும். மாதவிடாய்க்கு முந்தின நாட்கள்ல நிறைய பேருக்கு உடம்பு தண்ணியைப் பிடிச்சு வைக்கும். ஒண்ணு ரெண்டு கிலோ கூடத் தெரியலாம். அதனால இந்த வாரத்தைப் போன வாரத்தோட ஒப்பிடாதீங்க. போன சுழற்சியோட இதே வாரத்தோட ஒப்பிடுங்க. புதுசா ஜிம் போறவங்களுக்கும் இதே மாதிரிதான். வலிக்கிற தசை சில நாள் தண்ணியைச் சேத்து வைக்கும், எடை அசையாது.

சரி, அப்ப மெஷினைத் தூக்கிப் போட்டுடலாமா? வேண்டாம். நான் இப்ப எப்படி வெச்சிருக்கேன்னு சொல்றேன். காலையில பாத்ரூம் போயிட்டு வந்து, காபிக்கு முன்னாடி, காஞ்ச காலோட, மேட் இல்லாத தரையில, ஒரு நாளைக்கு ஒரே தடவை. அந்த நாள் நம்பரைப் பெருசா எடுத்துக்கறதில்ல. ஏழு நாள் சராசரியை மட்டும் குறிச்சு வெச்சு, நாலு வாரத்துக்கு ஒரு தடவை திரும்பிப் பாப்பேன். கொழுப்பு சதவீதத்தை மாசக் கணக்குல ஏறுதா இறங்குதான்னு மட்டும் பாப்பேன், புள்ளிக்கு அப்புறம் இருக்கிறதைப் படிக்கறதே இல்ல. ஒரு தையல் டேப் வாங்கி வெச்சிருக்கேன். இடுப்புச் சுற்றளவு இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90-க்கு மேல போனா கவனிக்கணும்னு டாக்டர்கள் சொல்ற அளவு. டேப் உப்புக்கும் தண்ணிக்கும் அவ்வளவு சுலபமா ஏமாறாது.

தசைக்கு எங்க வீட்டுலயே ஒரு டெஸ்ட் இருக்கு. 20 லிட்டர் தண்ணி கேன். முன்னாடி வாட்டர் கேன் போடறவர் வந்து தூக்கி வெச்சாத்தான் உண்டு. இப்ப நானே தூக்கிக் கவுக்கறேன். எந்த ஆப் "தசை போச்சு"ன்னு சொன்னாலும் அந்த கேன் இல்லன்னு சொல்லிடும். இதுக்குச் செஞ்சது பெருசா ஒண்ணும் இல்ல. வாரத்துக்கு மூணு நாள் உட்கார்ந்து எழுந்திருக்கிற பயிற்சி, ஒவ்வொரு வேளையும் பருப்பு, முட்டை, தயிர்னு ஏதாவது ஒரு புரதம், அப்புறம் ராத்திரிச் சாப்பாடு. ஆமா, ராத்திரி சாப்பிடறேன்.

ஆனா எல்லா திடீர் மாற்றத்தையும் "தண்ணிதான்"னு தள்ளிடாதீங்க. சில நாள்ல எடை வேகமா கூடி, கூடவே கால் வீங்கி, மூச்சு வாங்குதுன்னா அது இதயமோ சிறுநீரகமோ சொல்ற சேதியா இருக்கலாம். உடனே டாக்டரைப் பாருங்க. டயட்டே இல்லாம எடை இறங்கி, தாகம் கூடி, அடிக்கடி யூரின் போனா சுகர் டெஸ்ட் எடுங்க. பேஸ்மேக்கர் வெச்சிருக்கிறவங்க கரண்ட் அனுப்புற இந்த மெஷின்ல ஏறவே கூடாது. அப்புறம், நம்பர் பாத்துச் சாப்பாட்டை விடற பழக்கம் உங்ககிட்ட இருந்தா, என்னை மாதிரி படிக்கட்டு வரைக்கும் போகாம, யார்கிட்டயாவது பேசுங்க.

கடைசியா ஒரு விஷயம். என்னை இந்த நம்பர் பித்துல இருந்து முழுசா வெளிய கொண்டு வந்தது ஒரு ஆராய்ச்சி. அதுவும் நம்ம சென்னையில நடந்தது. இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம்னு பேரு. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006-ல வெளியிட்டது. என்னை மாதிரி வாசப்படியில நிக்கிற 531 பேர். எந்த மாற்றமும் சொல்லாத குழுவுல சுமார் மூணு வருஷத்துல 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடை, சாப்பாட்டு மாற்றம்னு வாழ்க்கை முறையை மாத்தின குழுவுல அது 39 சதவீதம். இதுல எனக்குத் தூக்கிவாரிப் போட்டது என்னன்னா, அந்தக் குழுவுக்கு எடை பெருசா குறையவே இல்ல. எடை மெஷின் எதுவுமே நடக்கலன்னு சொல்லிட்டு இருந்த நேரத்துல, உள்ள ஏதோ நல்லது நடந்துட்டு இருந்திருக்கு. எடை குறையறது முக்கியமில்லன்னு நான் சொல்ல வரல, டாக்டர் எனக்குக் குறைக்கத்தான் சொன்னாங்க. ஆனா நம்பர் அசையாத வாரத்துலயும் நடை வீண் போறதில்ல.

ஆறு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்தேன். 5.8. இன்னும் வாசப்படிதான், ஆனா வெளிப்பக்கமா ஒரு காலை எடுத்து வெச்சிருக்கேன். எடை 67-க்குக் கொஞ்சம் மேல. கொழுப்பு சதவீதம் என்னன்னு கேக்காதீங்க, காலைல ஒண்ணு சொல்லும், சாயங்காலம் ஒண்ணு சொல்லும்.

போன வாரம் அப்பாவும் அதுல ஏறிப் பாத்தார். அவருக்குப் பாதத்துல உணர்ச்சி குறைவுங்கிறதால வெறுங்காலோட நடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க, எப்பவும் சாக்ஸ் போட்டிருப்பார். சாக்ஸ் போட்டா கரண்ட் போகாது, எடை மட்டும்தான் வரும். ஆப்ல கொழுப்புக்கு நேரா வெறும் கோடு. "பாரும்மா, எனக்குக் கொழுப்பே இல்லையாம்"னு சிரிச்சார். நானும் சிரிச்சேன். அப்புறம் அவரைக் கூட்டிட்டு ரெண்டு பேரும் வாக்கிங் போனோம்.

இந்த எபிசோட் அவ்வளவுதான் மக்களே. இன்னைக்கு மெஷின்ல ஏறி மனசு உடைஞ்சு போன ஃப்ரெண்ட் யாராவது இருந்தா இதை அனுப்பி விடுங்க. ராத்திரி சாப்பிட்டுட்டுத் தூங்குங்க. அடுத்த வாரம் பாக்கலாம்.